‘யார்’ என்ற காலியிடம்

1

சில வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் மேலாளர் என் மேசைக்கு வந்து சொன்னார்: “எல்லா கஸ்டமருக்கும் ஒரு கூப்பன் அனுப்பிடுப்பா.” நான் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரே ஒரு கூப்பன், அது எல்லோருக்கும் போகும்படி. அவர் மனதில் இருந்ததோ ஆளுக்கொரு கூப்பன். ஒரு கூப்பனை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். மறுநாள் காலையில் யாரோ ஒரு புண்ணியவான் முந்திக்கொண்டார். மற்ற அத்தனை பேருக்கும் ‘இந்தக் கூப்பன் செல்லாது’ என்று திரையில் வந்தது.

பத்து மணிக்கு மேலாளர் எங்கள் வரிசைக்கு நடுவில் வந்து நின்று கத்தினார். “யார் இதை அனுப்பினது?”

அது கேள்வி இல்லை என்று எங்களுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், புயல் கடந்துவிடும். ஆனால் ஒப்பந்தத்தில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பெண் எழுந்து நின்று, “நான்தான் சார்” என்றாள். பொய் இல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தியது அவள்தான். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருந்த ஸ்கிரிப்ட் என்னுடையது. ஸ்கிரிப்டுக்குப் பின்னால் இருந்த வாக்கியம் அவருடையது. நான் எழுந்திருக்கவில்லை. மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

இந்தச் சம்பவத்தில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ‘எல்லா’, ‘ஒரு’ என்ற இரண்டு சொற்களில் எது எதை ஆள்கிறது என்பது ஒன்று. ‘யார்’ என்ற சொல் விட்டுவைக்கும் காலியிடத்தை யார் வந்து நிரப்புவது என்பது மற்றொன்று. இரண்டையும் என்னுடைய அசட்டுத்தனமாகவும் கோழைத்தனமாகவும் மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். பிற்பாடுதான், இந்த இரண்டு சிக்கல்களையும் தீர்த்துவிட வேண்டும் என்று ஒரு முழு மொழியையே செய்து பார்த்த மனிதர்களைப் பற்றிப் படித்தேன். லாக்லான், அதிலிருந்து பிரிந்து வந்த லோஜ்பான் என்ற இரண்டு மொழிகளின் கதை அது.

2

கதை 1879இல் தொடங்குகிறது. ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த காட்லோப் ஃப்ரெகே அந்த வருடம் ஒரு சிறிய நூலை வெளியிட்டார். ‘பெக்ரிஃப்ஸ்ஷ்ரிஃப்ட்’ என்று பெயர். கருத்தெழுத்து என்று சொல்லலாம். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த தருக்கம் ‘எல்லா மனிதர்களும் சாகக்கூடியவர்கள்’ போன்ற வாக்கியங்களை அழகாகக் கையாண்டது. ஆனால் ஒரே வாக்கியத்தில் ‘எல்லா’வும் ‘ஒரு’வும் சேர்ந்து வந்தால் திணறியது.

ஃப்ரெகே செய்தது எளிமையான காரியம், பார்க்கப் போனால். வாக்கியத்தில் பெயர்கள் உட்காரும் இடங்களைக் காலியாக்கினார். அந்தக் காலியிடங்களுக்கு எக்ஸ், ஒய் என்று எழுத்துகளை வைத்தார். இவைதான் மாறிகள். பிறகு வாக்கியத்துக்கு முன்னால் ‘எல்லா எக்ஸுக்கும்’, ‘ஏதோ ஒரு ஒய் உண்டு’ என்ற அளவுச்சொற்களை வைத்து, ஒவ்வொரு காலியிடத்தையும் அதன் அளவுச்சொல்லோடு நூல் போட்டுக் கட்டினார். எந்தக் காலியிடம் எந்த அளவுச்சொல்லுக்குச் சொந்தம் என்பதில் இனி சந்தேகமே கிடையாது. இதைத்தான் மாறிகளைக் கட்டுவது என்கிறார்கள்.

என் கூப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘எல்லா எக்ஸுக்கும், ஒரு ஒய் உண்டு, எக்ஸுக்கு ஒய் போகும்’ என்றால் ஆளுக்கொரு கூப்பன். ‘ஒரு ஒய் உண்டு, எல்லா எக்ஸுக்கும் அந்த ஒய் போகும்’ என்றால் நான் செய்த கூத்து. வித்தியாசம் எது முன்னால் வருகிறது என்பது மட்டும்தான். தமிழிலும் இதற்கு வழி இருக்கிறது. ‘ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கூப்பன்’ என்று மேலாளர் இரட்டித்துச் சொல்லியிருந்தால் தப்பு நடந்திருக்காது. ஆனால் இரட்டிக்க வேண்டும் என்று மொழி அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. சொல்லாமலே விட்டுவிடவும் அனுமதித்தது.

ஃப்ரெகேயின் எழுத்தில் ஒரு முக்கியமான விஷயத்துக்கு மட்டும் இடம் இல்லை. கேள்விக்கு. உறுதியாகச் சொல்வதற்கு ஒரு குறி உண்டு: இடது ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு. கேட்பதற்குக் குறி கிடையாது. பல வருடங்கள் கழித்து, 1918இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் கேள்விகளைத் தொட்டார். ‘மழை பெய்கிறதா?’ என்ற கேள்வியில் இருப்பதும் ‘மழை பெய்கிறது’ என்பதில் இருப்பதும் ஒரே எண்ணம்தான், உறுதிப்பாடு மட்டும்தான் கேள்வியில் இல்லை என்றார். ‘யார்’, ‘எங்கே’ வகைக் கேள்விகளை, அவை முழுமையடையாத வாக்கியங்கள் என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டார்.

கணிதத்துக்கு அது போதும். கணிதப் புத்தகம் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. ஆனால் அந்தத் தருக்கத்தை எடுத்து மனிதர்கள் பேசும் மொழியாக்க வேண்டும் என்றால்?

3

அப்படி நினைத்தவர் ஜேம்ஸ் குக் பிரவுன். 1921இல் பிலிப்பைன்ஸில் பிறந்த அமெரிக்கர். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தார். நமக்கு வியப்பான இன்னொரு தகவல், ‘கரீயர்ஸ்’ என்ற பலகை விளையாட்டைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். புகழ், மகிழ்ச்சி, பணம் மூன்றையும் சேர்த்து அறுபது புள்ளி. உனக்கு எது எவ்வளவு வேண்டும் என்பதை ஆட்டம் தொடங்கும் முன் நீயே ரகசியமாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஜெயிப்பது என்றால் என்ன என்பதையே ஆட்டக்காரரிடம் விட்டுவிடும் விளையாட்டு. அதாவது, விதியிலேயே ஒரு காலியிடம்.

1955 கடைசியில் பிரவுன் ஒரு சின்னக் கட்டுரை எழுத உட்கார்ந்தார். எட்வர்ட் சபீர், பெஞ்சமின் லீ வோர்ஃப் இருவர் பெயரால் வழங்கும் கருதுகோள் ஒன்று அப்போது பேசப்பட்டுக்கொண்டிருந்தது: நாம் பேசும் மொழியின் இலக்கணம் நம் சிந்தனையை வடிவமைக்கிறது. இதை எப்படிச் சோதிப்பது? உலகத்தில் இருக்கும் மொழிகளை ஒப்பிட்டால் பண்பாடும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும், மொழியால் வந்த வித்தியாசத்தை மட்டும் பிரிக்க முடியாது. எனவே இலக்கணத்தில் முற்றிலும் மாறுபட்ட ஒரு சிறிய மொழியைச் செய்வோம். மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம். அவர்கள் சிந்தனை மாறுகிறதா என்று அளப்போம். எந்தத் திசையில் மாறுபட்ட இலக்கணம்? தருக்கம். ஃப்ரெகேக்குப் பின் வந்த பயனிலைத் தருக்கத்தையே இலக்கணமாக வைத்துவிடுவோம்.

சின்னக் கட்டுரை அவர் ஆயுள் முழுவதையும் தின்றுவிட்டது. 1960 ஜூனில் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ‘லாக்லான்’ என்ற தலைப்பில் அவர் கட்டுரை வந்தது. ஊர் ஊராகக் கடிதங்கள் வந்தன. 1966இல் ராபர்ட் ஹைன்லைன் தன் ‘த மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்’ நாவலில், நிலாவில் இருக்கும் ஒரு கணினியோடு பேசும் மொழியாக லாக்லானைக் குறிப்பிட்டார். அறிவியல் புனைகதை வாசகர்கள் நடுவே லாக்லான் கிட்டத்தட்ட ஒரு புராணமாகிவிட்டது.

சொற்களை உண்டாக்க பிரவுன் எட்டு மொழிகளை எடுத்துக்கொண்டார்: ஆங்கிலம், சீனம், இந்தி, ரஷ்யன், ஸ்பானியம், பிரெஞ்சு, ஜப்பானியம், ஜெர்மன். நீலத்துக்கு ‘ப்லானு’ என்ற சொல் வந்தது இப்படித்தான். எல்லோர் காதிலும் கொஞ்சம் கொஞ்சம் பழகின ஒலியாக இருக்கட்டும் என்பது கணக்கு. மொழிகளிடமிருந்து ஒலியை மட்டும்தான் வாங்கினார், இலக்கணத்தை வாங்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

4

பேசுகிற மொழி என்றால் கேட்டாக வேண்டும். பிரவுன் கண்ட வழி, ஃப்ரெகே ஓரமாக வைத்ததையே கையில் எடுப்பது. கேள்வி என்பது முழுமையடையாத வாக்கியம் என்றால், சரி, அப்படியே இருக்கட்டும். முழுமையடையாத இடத்தில் ‘இங்கே நிரப்பு’ என்று ஒரு சொல்லை வை. கேட்பவர் வாக்கியத்தை மாற்ற வேண்டாம், திருப்ப வேண்டாம். பதில் சொல்பவர் முழு வாக்கியம் சொல்ல வேண்டாம், நிரப்பினால் போதும்.

லோஜ்பானில் இந்தச் சொல் ‘மா’. ‘க்லாமா’ என்றால் போவது. ‘டோ க்லாமா மா’: நீ போகிறாய் எங்கே? பதிலுக்கு ஊர்ப் பெயர் மட்டும். ‘மா க்லாமா மா’: யார் எங்கே போகிறார்கள்? இரண்டு பள்ளங்கள், வரிசையாக இரண்டு பதில்கள். ஆங்கிலத்தில் கேள்விச்சொல்லைத் தூக்கி வாக்கியத்தின் தலையில் வைக்க வேண்டும். தமிழில் வேண்டாம். ‘நீ நேத்து மதுரைக்குப் போனே’, ‘நீ நேத்து எங்கே போனே’: சொல் அதன் இடத்திலேயே இருக்கிறது. எனவே இதைப் படித்தபோது எனக்கு அதிசயமாக இல்லை. நம்ம ஊர் கேள்விதானே என்று தோன்றியது.

அதிசயம் அடுத்ததில்தான். பெயர் உட்காரும் இடம் மட்டுமா காலியாக இருக்க முடியும்? வாக்கியத்தின் எந்தப் பகுதியையும் காலியாக்கலாமே. பயனிலைக்கே ஒரு கேள்விச்சொல் வைத்தார்கள்: ‘மோ’. ‘டோ மோ’ என்றால் ‘நீ ______?’ நீ என்ன செய்கிறாய் என்பது அல்ல, செய்வது என்றுகூட அது முன்கூட்டி முடிவு செய்வதில்லை. பதில் ‘ஓடுகிறேன்’, ‘மாணவன்’, ‘சிவப்பு’, ‘சோர்வு’ எதுவாகவும் இருக்கலாம். எண்ணுக்கு ‘ஹோ’. காலத்துக்கு ஒன்று. உணர்ச்சிக்கு ஒன்று, ‘பெய்’: சொன்ன விஷயத்தைப் பற்றி உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கும்.

எனக்குப் பிடித்தது இணைப்புச் சொல்லுக்கான கேள்வி. ‘காபி அல்லது டீ வேணுமா?’ என்று கேட்டால் தருக்கம் படித்தவன் ‘ஆமாம்’ என்பான் என்ற பழைய ஜோக் தெரியும்தானே? லோஜ்பானில் அந்த ஜோக் செல்லாது. அங்கே காபிக்கும் டீக்கும் நடுவே ‘ஜி’ என்று வைப்பார்கள். ‘ஜி’ கேட்பது: இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த இணைப்புச் சொல்லைப் போடலாம்? ‘எ’ என்று பதில் சொன்னால் இரண்டும் வேண்டும். ‘எ நய்’ என்றால் முதலாவது மட்டும். ‘நா எ’ என்றால் இரண்டாவது மட்டும். ‘நா எ நய்’ என்றால் இரண்டும் வேண்டாம். காபி, டீ என்ற சொற்களையே உச்சரிக்காமல் ஆர்டர் கொடுத்துவிடலாம். தமிழும் இதில் அப்படி ஒன்றும் சளைத்ததல்ல. ‘காபி டீ ஏதாவது சாப்பிடறீங்களா?’ என்பதற்கு ‘ஆமாம்’ செல்லும். ‘காபியா டீயா?’ என்பதற்குச் செல்லாது. ‘ஆ’ எங்கே ஒட்டுகிறது என்பதிலேயே கேள்வி மாறிவிடுகிறது.

இங்கே ஒரு ஒப்பீட்டைச் சொல்லாமல் போக முடியவில்லை. நன்னூல் கேள்விகளை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. வாத்தியார் பதில் தெரிந்தே மாணவனிடம் கேட்பது, தெரியாமல் கேட்பது, பாம்போ கயிறோ என்று சந்தேகத்தில் கேட்பது, கடையில் வாங்குவதற்காகக் கேட்பது, கொடுப்பதற்காகக் கேட்பது, ஒரு வேலையைச் செய்யவைக்கக் கேட்பது. பவணந்தி பார்த்தது கேட்பவரின் மனதை. பிரவுனும் அவர் வழி வந்தவர்களும் பார்த்தது பள்ளத்தின் வடிவத்தை. இரண்டும் கேள்விகளின் பட்டியல்தான், ஆனால் ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை.

எங்கள் மேலாளரின் ‘யார்’ பிரவுனின் பட்டியலில் சுலபமாகப் பொருந்தும்: பெயர் உட்காரும் இடத்தில் ஒரு பள்ளம். ஆனால் அந்தக் காலையில் எங்களுக்குத் தேவைப்பட்டது பவணந்தியின் பட்டியல்.

5

இப்போது மாறிகள். லோஜ்பானில் தருக்க மாறிகள் மூன்று. சிரிக்காதீர்கள்: டா, டெ, டி. எக்ஸ், ஒய், இஸட் என்பதன் இடத்தில் இவை. நம் தெருவில் இவற்றுக்கு வேறு வேலை இருப்பதால் எனக்குப் பழக ரொம்ப நாள் ஆனது. மூன்று போதாவிட்டால் எண் போட்டு நீட்டிக்கொள்ளலாம்.

‘டா க்லாமா’: யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒன்று, போகிறது. ‘ரோ டா’ என்றால் எல்லா டாவும். ‘ப்ராமி’ என்றால் நேசிப்பது. ‘ரோ டா டெ ஸோஹு டா ப்ராமி டெ’: எல்லோரும் யாரையாவது நேசிக்கிறார்கள். ‘டெ ரோ டா ஸோஹு டா ப்ராமி டெ’: எல்லோராலும் நேசிக்கப்படும் ஒருவர் இருக்கிறார். ‘ஸோஹு’ என்ற சொல் ஒரு வேலி. அதற்கு முன்னால் இருப்பது அறிவிப்பு, பின்னால் இருப்பது வாக்கியம். அறிவிப்பில் எது முன்னே, எது பின்னே என்பதுதான் பொருளைத் தீர்மானிக்கும். வேலி இல்லாமல் பேசினால், மாறிகள் வாக்கியத்தில் தலைகாட்டும் வரிசையே கணக்கு. ஃப்ரெகே காகிதத்தில் போட்ட நூலை இவர்கள் வாயால் போட்டார்கள். இந்த மொழியில் எங்கள் மேலாளரால் அந்த உத்தரவைக் குழப்பமாகச் சொல்லியிருக்கவே முடியாது. அவரும் ஒரு நொடி யோசித்திருப்பார்.

ஆனால் ‘டா’வையும் ‘மா’வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘டா க்லாமா’: யாரோ போகிறார். ‘மா க்லாமா’: யார் போகிறார்? இரண்டும் காலியிடம்தான். லோஜ்பானின் இலக்கணத்தைக் கணினிக்குப் புரியும் விதிகளாக எழுதியிருக்கிறார்கள். அந்த விதிகளில் டாவும் மாவும் ஒரே வகுப்பைச் சேர்ந்த சொற்கள். கணினிக்கு வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் கட்டுகிற ஆளில்தான் இருக்கிறது. டாவை அந்த வாக்கியமே கட்டிக்கொள்கிறது, ‘ஒன்று உண்டு’ என்று. மாவை எதிரில் நிற்கும் மனிதர் கட்ட வேண்டும்.

மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. ‘ஷெஹு’. அதை யாரும் கட்டுவதில்லை. ‘நேசிப்பவராக இருத்தல்’ என்ற பண்பைப் பற்றி, யார் என்று சொல்லாமல் பேச வேண்டும் என்றால், அந்த இடத்தைத் திறந்தே வைக்க இந்தச் சொல். 1930களில் அலோன்ஸோ சர்ச் உருவாக்கிய லாம்டா கணக்கியலின் யோசனையை ஓர் அசையாக்கிப் பேச்சில் கொண்டுவந்துவிட்டார்கள்.

வாக்கியம் கட்டுவது, கேட்பவர் கட்டுவது, யாரும் கட்டாமல் விடுவது. மூன்றுக்கும் மூன்று சொற்கள், ஒன்றுக்கொன்று எந்தச் சாயலும் இல்லை. தமிழில் என்ன செய்கிறோம்? யார், யாரோ, யாரும், யாராவது. கேள்விச்சொல் ஒன்றுதான். அதன் வாலில் ‘ஓ’ ஒட்டினால் ‘ஒருவர் உண்டு’. ‘உம்’ ஒட்டி எதிர்மறை வந்தால் ‘ஒருவர்கூட இல்லை’. அதே ‘ஓ’தான் ‘பாம்போ கயிறோ’ என்னும்போது ‘அல்லது’ ஆகிறது, ‘வந்தானோ’ என்னும்போது சந்தேகம் ஆகிறது. அதே ‘உம்’தான் ‘நீயும் நானும்’ என்று சேர்க்கிறது. மலையாளத்தில் ‘ஓ’ தான் ஆமாம்-இல்லைக் கேள்விக்கான குறியும்கூட. மொழியியலாளர் கே. ஏ. ஜெயசீலன் மலையாளத்தின் இந்த அமைப்பை வைத்து 2001இல் ஒரு முக்கியமான ஆய்வு எழுதினார். ஜப்பானியத்திலும் இதே கதை: ‘தாரே’ யார், ‘தாரேகா’ யாரோ, ‘தாரேமோ’ யாரும். 1965இலேயே எஸ். ஒய். குரோடா தன் ஆய்வேட்டில் இந்தச் சொற்களை எடுத்துப் பேசினார். இவற்றைக் கேள்விச்சொற்கள் என்று சொல்வதே சரியில்லை, இவை இன்னும் கட்டப்படாத மாறிகள், கூட வரும் இடைச்சொல்தான் கட்டுகிறது என்ற பார்வை அங்கிருந்து வளர்ந்தது.

இப்போது பிரவுனின் எட்டு மொழிகளுக்குத் திரும்புவோம். அதில் ஜப்பானியம் இருந்தது! ‘யார்’ என்பதே ஒரு மாறி என்று வெளிப்படையாகக் காட்டும் மொழி அவர் மேசையிலேயே இருந்தது. அவர் அதனிடம் ஒலியை மட்டும் கேட்டார். தருக்கத்தை இலக்கணமாக்க நினைத்தவருக்கு, ஒரு பழைய இலக்கணத்துக்குள்ளேயே தருக்கம் இருக்கலாம் என்று தோன்றவில்லை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நானும் தமிழ் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், லோஜ்பான் படிக்கும்வரை ‘யாரோ’வுக்குள் ‘யார்’ இருப்பதை நான் பார்த்ததில்லை.

இதே காலத்தில் இன்னொரு திசையிலிருந்தும் ஒருவர் இங்கே வந்து சேர்ந்தார். 1972 வாக்கில் பிரான்ஸின் மார்செய் நகரில் அலேன் கோல்மெரோவரும் கூட்டாளிகளும், பிரெஞ்சில் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஒரு கணினியைச் செய்ய முயன்று, ப்ரோலாக் என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். ப்ரோலாக்கில் ஒரே மாறி, விதிக்குள் வந்தால் ‘எல்லா எக்ஸுக்கும்’ என்று பொருள். கேள்விக்குள் வந்தால் ‘எந்த எக்ஸ்?’ என்று பொருள். தனிச்சொல் கிடையாது. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதே பொருளை மாற்றிவிடுகிறது.

6

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு சாதாரண வாக்கியம் வந்து காலை வாரியது: ‘யார் போனாங்கன்னு எனக்குத் தெரியும்.’

இதில் ‘யார்’ இருக்கிறது. ஆனால் நான் யாரையும் எதையும் கேட்கவில்லை. தமிழில் ‘என்று’ ஒரு சுவர். உள்ளே இருக்கும் கேள்வியை வெளியே விடாமல் தடுக்கிறது. எல்லா நேரமும் தடுப்பதில்லை. ‘யார் போனாங்கன்னு நினைக்கிறே?’ என்றால் கேள்வி சுவரைத் தாண்டி உங்களிடம் வந்துவிடும். தெரிவது தடுக்கிறது, நினைப்பது விட்டுவிடுகிறது. நாம் யாரும் இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை.

லோஜ்பானில் சுவரே கிடையாது. ‘மா’ எவ்வளவு ஆழத்தில் புதைந்திருந்தாலும் முழு வாக்கியமும் கேள்வியாகிவிடும் என்பது விதி. ‘ஜூனோ’ தெரிந்திருப்பது. ‘மி ஜூனோ லோ டுஹு மா க்லாமா’ என்று சொன்னால், ‘எனக்குத் தெரியும்’ என்று ஆகாது. ‘யார் போவதாக எனக்குத் தெரியும், சொல்லு பார்ப்போம்?’ என்று எதிராளியைக் கேட்டதாக ஆகும். தனக்குத் தெரிந்ததைப் பிறரிடம் கேட்கும் பைத்தியக்காரத்தனம்.

எனவே ஒரு ஒட்டுப்போட்டார்கள். ‘கவ்’. ‘மா கவ்’ என்றால் ‘இது கேள்வி இல்லை, இதற்குப் பதில் இருக்கிறது, இங்கே சொல்லப்படவில்லை’ என்று பொருள். ‘மி ஜூனோ லோ டுஹு மா கவ் க்லாமா’: யார் போகிறார் என்று எனக்குத் தெரியும். ஜான் கோவன் எழுதி 1997இல் வந்த லோஜ்பானின் முழு இலக்கண நூலில் இது இருக்கிறது.

இதில் வேடிக்கை, ‘கவ்’ எந்த இலக்கண வகுப்பில் இருக்கிறது என்பதுதான். மகிழ்ச்சிக்கு ‘உய்’, வலிக்கும் அலுப்புக்கும் ‘ஒய்’ என்று உணர்ச்சிச் சொற்கள் உள்ள வகுப்பில். அந்த வகுப்புச் சொற்களை வாக்கியத்தில் எங்கே வேண்டுமானாலும் செருகலாம், அமைப்பு உடையாது என்பது நடைமுறைக் காரணம். ஆனால் தருக்கத்துக்கென்றே செய்த மொழியில், தருக்கத்தின் மிகக் கடினமான முடிச்சு ‘ஐயோ’வுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த மாறியை உண்மையில் எது கட்டுகிறது? தருக்கக்காரர்களுக்கே அது எளிதான கேள்வி அல்ல. 1958இல் ஆஸ்திரேலியத் தத்துவவாதி சார்ல்ஸ் ஹாம்ப்ளின் கேள்விகளைப் பதில்கள் வழியாகப் புரிந்துகொள்ளும் பாதையைத் திறந்தார். கேள்வியின் பொருள் அதற்குச் சாத்தியமான பதில்களின் தொகுதி என்பது அதன் சாரம். லவுரி கார்ட்டுனன் 1977இல் அதைத் திருத்தி, சாத்தியமான பதில்கள் அல்ல, உண்மையான பதில்கள் என்றார். அப்படிப் பார்த்தால் ‘யார் என்று எனக்குத் தெரியும்’ என்பவர் அந்த உண்மையான பதிலைக் கையில் வைத்திருக்கிறார், திறந்து காட்டவில்லை.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். அன்று காலை பத்து மணிக்கு என் நிலை அதுதான். யார் அனுப்பினது என்று எனக்குத் தெரியும். கவ்.

7

பிரவுனின் கதையும் ஒரு ‘யார்’ கேள்வியில்தான் முடிந்தது. இந்த மொழி யாருடையது?

பிரவுனைப் பொறுத்தவரை அவருடைய லாக்லான் இன்ஸ்டிட்யூட்டுடையது. அவர் மொழியைத் திருத்திக்கொண்டே இருந்தார். கற்றுக்கொண்டவர்கள் மறுபடி மறுபடி கற்க வேண்டியிருந்தது. 1980களில் பாப் லெஷெவாலியே என்ற ஆர்வலர் சொற்பட்டியல் வேலையில் இறங்கியபோது, உரிமை யாருக்கு என்ற பூசல் வெடித்தது. 1987இல் லெஷெவாலியேயும் நோரா டான்ஸ்கியும் இன்னும் சிலரும் பிரிந்துபோய் ‘லாஜிகல் லாங்குவேஜ் குரூப்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பழைய சொற்களைத் தொட்டால் வழக்கு வரும் என்பதால் ஆதாரச் சொற்கள் அத்தனையையும் புதிதாகச் செய்தார்கள். இந்த முறை சீனம், இந்தி, ஆங்கிலம், ரஷ்யன், ஸ்பானியம், அரபு என்று ஆறு மொழிகள். ‘லோக்ஜி’, ‘பங்கு’, அதாவது தருக்கம், மொழி என்ற சொற்களின் சுருக்கத்தைச் சேர்த்து லோஜ்பான் என்று பெயர் வைத்தார்கள். ‘லாக்லான்’ என்ற பெயரின் வணிக முத்திரை உரிமை அமெரிக்க நீதிமன்றம்வரை போனது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரவுன் தரப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. லாக்லான் என்பது ஒரு மொழியின் பொதுப்பெயர், அதை ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது.

பிரவுன் 2000இல் இறந்தார். எந்தச் சோதனைக்காக எல்லாம் தொடங்கியதோ அந்தச் சோதனை நடக்கவே இல்லை. லோஜ்பான் பேசுபவர்கள் தருக்கமாகச் சிந்திக்கிறார்களா என்று யாரும் அளக்கவில்லை. சொந்தத்துக்கும் பெயருக்கும் அவர்கள் போட்ட சண்டையைப் பார்த்தால், மற்ற மனிதர்களைப் போலத்தான் என்று படுகிறது.

அவரைத் தோற்றவராக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. ஃப்ரெகே கைவிட்ட இடத்தில் அவர் நுழைந்தார். கேள்வி என்பது வேறொருவர் வந்து கட்ட வேண்டிய மாறி என்பதை ஒரு மொழியின் அடித்தளத்திலேயே பதித்தார். பேசுபவர் எவ்வளவு கறாராக இருந்தாலும் அந்த ஒரு நூலின் நுனி எதிராளியின் கையில்தான் இருக்கும். மொழியையும் அப்படித்தான் விட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை.

8

லோஜ்பானில் இன்னொரு சிறு சொல் இருக்கிறது. ‘பவ் நய்’. கேள்விக்கு முன்னால் அதை வைத்தால், ‘இனி வருவது கேள்வி மாதிரிதான் இருக்கும், பதில் வேண்டாம்’ என்று பொருள். எங்கள் மேலாளர் அன்று பவ் நய் போட்டுக் கத்தியிருந்தால், அந்தப் பெண் எழுந்திருக்க மாட்டாள். இப்படித்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது மொழியின் பிழை, தெளிவில்லாத வாக்கியத்தின் பிழை என்று நினைப்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

இப்போது அப்படி நினைக்கவில்லை. அவளுக்கு அந்த வாக்கியம் புரியாமல் இல்லை. ஒரு காலியிடம் திறந்து கிடந்தது, அவள் தன் பெயரை அதில் வைத்தாள். தவறாகப் புரிந்துகொண்டவர்கள், அதைக் கேள்வியே இல்லை என்று முடிவு கட்டிய நாங்கள்.

அவள் சொன்னது ‘நான்தான்’. தமிழில் ‘தான்’ கதவை இழுத்துச் சாத்திவிடும்: நான், வேறு யாரும் இல்லை. அது சரியான பதில் அல்ல. அந்தப் பள்ளத்தில் மூன்று பேருக்கு இடம் இருந்தது. இரண்டாவது ஆள் செய்ய வேண்டியிருந்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. எழுந்து நின்று ‘நானும்’ என்று சொல்லியிருக்க வேண்டும்.